ஸ்ட்ராடஜி என்ற வார்த்தையைக் கேட்காத துபாஷ்

போன இதழில் பாலங்கள் பற்றி எழுதின ஆள்தான் மறுபடியும் வந்திருக்கேன். இந்தத் தடவை சிவில் எஞ்சினியரிங் கிடையாது, வரலாறு. ஆனா ஆரம்பிச்சது பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் வகுப்புல.

க்ரூப் டிஸ்கஷன் பயிற்சி நடந்துட்டு இருந்துச்சு. நான் தைரியமா எழுந்து, கம்பெனி ஒரு ஸ்ட்ராடஜி 'டூ' பண்ணணும்னு ஆங்கிலத்தில் சொன்னேன். பயிற்சியாளர் நிறுத்திட்டார். ஸ்ட்ராடஜி கூட 'டூ' வராதாம். 'டிவைஸ்' வரும், 'அடாப்ட்' வரும், 'பர்சூ' வரும், 'இம்ப்ளிமென்ட்' வரும், கடைசியா 'அபாண்டன்' வரும். முன்னாடி ஒட்டிக்கிற வார்த்தைகளும் இருக்கு: லாங்-டெர்ம், வின்னிங், எக்ஸிட். ஒரு தாள் முழுக்க அச்சடிச்சுக் கொடுத்தார். எல்.கே.ஜி-யில இருந்து ஆங்கில வழியில் படிச்ச எனக்கு, எந்த வார்த்தை எதோட ஜோடி சேரும்ங்கிறது இருபத்தொரு வயசுல புதுசா இருந்தது கொஞ்சம் அசிங்கமாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் ரெட்டியார்பாளையத்துல வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட அந்தத் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தமிழ்லயும் அப்படித்தான்டா, திட்டம்னா தீட்டணும், வியூகம்னா வகுக்கணும், காய்னா நகர்த்தணும், மாத்திச் சொன்னா சிரிப்பாங்கன்னார். அப்புறம், இதெல்லாம் வார்த்தை தெரியாமலே செஞ்ச ஒருத்தர் நம்ம ஊர்ல இருந்தாரேன்னு சொல்லிட்டு அலமாரியில் இருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஒரு தொகுதி.

டவுனுக்குள்ள ரங்கப்பிள்ளை வீதி வழியா ஆயிரம் தடவை போயிருக்கேன். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை.

ஆனந்தரங்கர் புதுச்சேரிக்காரர் கிடையாது. 1709 மார்ச் 30-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை, வியாபாரி. அப்பாவோட மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷ். துபாஷ்னா இரண்டு பாஷைக்காரன். வெறும் மொழிபெயர்ப்பாளர்னு நினைச்சுடாதீங்க. கம்பெனிக்குத் துணி கொள்முதல் பண்ணித் தருவது, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுப்பது, வியாபாரிகளைப் பிடிப்பது, நவாபுக்கு என்ன பரிசு அனுப்பலாம்னு சொல்வது, ஊர்ச் சண்டையைத் தீர்ப்பது, எல்லாமே அவர் வேலை. இந்த மண்ணுக்கும் கடல் தாண்டி வந்தவங்களுக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு இருந்துச்சுன்னா, அந்தக் கதவுதான் துபாஷ்.

நைனியப்பர்தான் திருவேங்கடம் பிள்ளையைப் புதுச்சேரிக்குக் கூப்பிட்டார். வந்த கொஞ்ச காலத்திலேயே அவருக்குக் கெட்ட காலம். 1716-ல் கவர்னர் ஏபேர் அவரைப் பிடிச்சு உள்ளே போட்டார். அந்த வழக்கு நடந்த விதத்தைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. சாட்சிகள் தமிழில் சொன்னாங்க. அது போர்ச்சுகீசுக்கு மாத்தப்பட்டு, அங்கிருந்து பிரெஞ்சில் எழுதப்பட்டது. தாங்கள் படிக்கவே முடியாத தாளில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டாங்க. ஊருக்கே மொழிபெயர்த்தவருக்குத் தீர்ப்பு வந்தது அப்படி ஒரு மொழிபெயர்ப்பில். கசையடி, சிறை, சொத்து பறிமுதல். 1717-ல் சிறையிலேயே இறந்துட்டார்.

அவர் மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கல. கப்பல் ஏறி பிரான்ஸுக்கே போய் முறையிட்டார். தீர்ப்பு ரத்தாச்சு. குருவப்பர் அங்கே கிறிஸ்தவராகி, செவாலியே பட்டத்தோட திரும்பி வந்து அப்பாவோட பதவியில் உட்கார்ந்தார். 1724-ல் அவரும் போயிட்டார். பதவி கனகராய முதலிக்குப் போச்சு. இரண்டு வருஷம் கழிச்சு, 1726-ல், ஆனந்தரங்கருடைய அப்பாவும் காலமானார்.

அப்போ ஆனந்தரங்கருக்குப் பதினேழு வயசு. குடும்பத்தில் ஒருத்தர் துபாஷ் பதவியில் இருந்து சிறைக்குப் போய்ச் செத்ததை எட்டு வயசிலேயே பார்த்த பையன். அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஏன் சேர்ந்தார்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. வேற வழி இருந்துச்சான்னு தாத்தா கேட்டார். இருந்திருக்கும், வியாபாரம் கையில் இருந்துச்சு. ஆனா அந்தக் கதவுகிட்ட நிக்கிறவனுக்குத்தான் பெரிய வியாபாரம்.

கவர்னர் லெனுவார் அவர் மேல நம்பிக்கை வெச்சு பரங்கிப்பேட்டை பண்டகசாலையைப் பார்த்துக்கச் சொன்னார். அடுத்து வந்த துய்மா காலத்தில் இன்னும் செல்வாக்கு கூடுச்சு. துணி, பாக்கு, சாராயம்னு பல வியாபாரம். ஆனந்தப் புரவின்னு சொந்தமா ஒரு கப்பல். 1736 செப்டம்பர் 6-ல் இருந்து தினமும் நடந்ததை எழுத ஆரம்பிச்சார். எந்தக் கப்பல் வந்துச்சு, எத்தனை பீரங்கி போட்டாங்க, யார் யாரைப் பார்க்க வந்தாங்க, எத்தனை நாழிகைக்கு, என்ன விலைக்கு. கிட்டத்தட்ட 25 வருஷம்.

இந்த நாட்குறிப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லணும். நான் முதல்ல தனியா உட்கார்ந்து கண்ணால படிச்சேன். ஒரு மண்ணும் புரியல. புள்ளி இல்லை, நிறுத்தம் இல்லை, பாரசீகம், போர்ச்சுகீசு, பிரெஞ்சு வார்த்தை எல்லாம் கலந்து கிடக்கு. தாத்தா வாங்கி சத்தமா படிச்சார். உடனே புரிஞ்சிடுச்சு! அது பேச்சுத் தமிழ். பாட்டி பக்கத்து வீட்டுச் சண்டையை மூச்சு விடாம சொல்ற மாதிரியே இருந்துச்சு. தமிழும் பிற மொழியும் கலந்து எழுதுறோம்னு நம்ம இதழைத் திட்டுற பேராசிரியர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

1742 ஜனவரியில் தூப்ளே கவர்னரா வந்து இறங்கினார். இங்கேதான் கதை சூடு பிடிக்குது.

அதுவரைக்கும் பிரெஞ்சுக்காரங்க வேலை துணி வாங்கிக் கப்பலில் ஏத்துறது. தூப்ளே வேற மாதிரி யோசிச்சார். இந்த நாட்டு அரசர்களுக்குள்ள வாரிசுச் சண்டை எப்பவும் இருக்கு. ஒரு பக்கத்துக்குப் பயிற்சி பெற்ற கொஞ்சம் சிப்பாய்களைக் கொடுத்து ஜெயிக்க வெச்சா, ஜெயிச்சவர் நிலமும் வரி வசூலும் கொடுப்பார். அந்தப் பணத்திலேயே இன்னும் சிப்பாய்களைச் சேர்க்கலாம். பாரீஸில் இருந்து காசு வரவேண்டியதில்லை. இதைத்தான் பிற்பாடு ஆங்கிலேயர்கள் எடுத்துக்கிட்டு இந்தியா முழுக்கச் செஞ்சாங்க. எங்க ட்ரெயினர் பாஷையில், 'டிவைஸ்' பண்ணினவர் ஒருத்தர், 'அடாப்ட்' பண்ணினவங்க வேற ஆளுங்க.

ஆனா ஒரு நவாபுக்கு எந்த மருமகன் மேல கோபம், எந்தக் கோட்டைத் தலைவனுக்குச் சம்பள பாக்கி, யாருக்கு எழுதினா பதில் வரும், இதெல்லாம் தூப்ளேவுக்கு எப்படித் தெரியும்? தினமும் காலையில் அவர்கிட்டப் போய் உட்கார்ந்து இதைச் சொன்னவர் ஆனந்தரங்கர். கடிதங்களின் வாசகத்தை, மரியாதைச் சொல்லை, அனுப்ப வேண்டிய பரிசை அவரோடு ஆலோசிச்சாங்க.

ஆனா அவர் இன்னும் தலைமைத் துபாஷ் ஆகல. கனகராய முதலிதான் அந்தப் பதவியில். எங்க பக்கத்து ஊர் விஷயம் ஒண்ணு இங்கே வருது. 1745-ல் கனகராய முதலி ஒழுகரையில் ஒரு சர்ச் கட்டி, ஊரையே கூப்பிட்டு விருந்து வெச்சார். எல்லா சாதிக்காரங்களும் போனாங்க. நாட்குறிப்பில் ஆனந்தரங்கர் அதை எழுதுற விதத்தில் கொஞ்சம் பொறாமையும் குத்தலும் இருக்கிறதா எனக்குப் படுது. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துட்டு சாப்பாடு பத்தி வெளியே போய்ப் பேசுற உறவினர் ஞாபகம் வந்துச்சு.

1746 பிப்ரவரியில் கனகராய முதலி இறந்தார். பதவி யாருக்குங்கிற இழுபறி ரொம்ப நாள் நடந்துச்சு. சேசு சபைப் பாதிரியார்கள் ஒரு கிறிஸ்தவர்தான் வரணும்னு நின்னாங்க. செத்தவரோட தம்பியும் போட்டியில் இருந்தார். தூப்ளேவின் மனைவி ழான் அம்மையாருக்கு ஆனந்தரங்கரைப் பிடிக்காது. அந்த அம்மா புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிஞ்சவர். அதுதான் சிக்கல்னு நான் நினைக்கிறேன். கவர்னர் வீட்டுக்குள்ளேயே இரண்டு பாஷை தெரிஞ்ச இன்னொரு ஆள் இருந்தா, துபாஷுக்கு என்ன மதிப்பு? ஆனந்தரங்கர் அவசரப்படல. வேலையைச் செஞ்சுக்கிட்டே காத்திருந்தார். கடைசியில் பதவி அவருக்கே வந்துச்சு. கவர்னர் மாளிகை வரைக்கும் பல்லக்கில் போகலாம், செருப்போடு உள்ளே போகலாம், தங்கப் பூண் போட்ட கைத்தடி வெச்சுக்கலாம். அந்தக் காலத்தில் ஒரு தமிழருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அதே 1746-ல் பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சாங்க. நவாப் அன்வருதீன் கோபப்பட்டு மகன் மாபூஸ்கானைப் பெரிய படையோடு அனுப்ப, அடையாறு ஆத்தங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை அதைத் துரத்தி அடிச்சது. வரிசையா நின்னு விடாம சுடுற படை முன்னாடி குதிரைக் கூட்டம் நிக்க முடியாதுன்னு தென்னிந்தியாவுக்கே தெரிஞ்ச நாள் அது.

இரண்டு வருஷத்தில் ஆங்கிலேயர் திருப்பி வந்தாங்க. 1748 ஆகஸ்டில் அட்மிரல் போஸ்காவன் பெரிய கப்பல் படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டார். முதல்ல அரியாங்குப்பம் கோட்டையில் முட்டி மோதி நாளை வீணாக்கினார். அப்புறம் பதுங்குகுழியை மதிலில் இருந்து ரொம்பத் தூரத்தில், தண்ணி தேங்குற நிலத்தில் தோண்ட ஆரம்பிச்சார். சிவில் மாணவனா சொல்றேன், சாயில் இன்வெஸ்டிகேஷன் பண்ணாம வேலை ஆரம்பிச்சா இதுதான் கதி. அக்டோபரில் மழை பிடிச்சதும் மூட்டையைக் கட்டிட்டாங்க.

அந்த முற்றுகைக்கு நடுவுல, செப்டம்பரில், இன்னொண்ணு நடந்துச்சு. வேதபுரீஸ்வரர் கோயில் சேசு சபை தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருந்துச்சு. பல வருஷமா பாதிரியார்கள் அதை எடுக்கணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஊர்க்காரங்க விடல. முன்னாடி இருந்த கவர்னர்கள், நெசவாளர்களும் வியாபாரிகளும் ஊரை விட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து தள்ளிப் போட்டாங்க. இப்போ சுத்தி வரைக்கும் எதிரிப் படை. ஊரை விட்டு யாரும் எங்கேயும் போக முடியாது. அந்த நேரம் பார்த்துக் கோயிலை இடிச்சாங்க.

ஊரில் அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே இந்துப் பெரியவர் ஆனந்தரங்கர்தான். அவரால் தடுக்க முடியல. அந்த நாட்களை நீளமா எழுதியிருக்கார். யார் யார் உள்ளே புகுந்தாங்க, எதை உடைச்சாங்க, ஊர்க்காரங்க எப்படித் தவிச்சாங்கன்னு எல்லாம் இருக்கு. தூப்ளே மேலயும் அந்த அம்மா மேலயும் கோபம், ஊர்ப் பெரியவங்களுக்கு ஒற்றுமை இல்லைன்னு ஆத்திரம், எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கு. ஆனா மறுநாளும் வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். தாத்தா இந்த இடத்தைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. நான்தான், இந்த ஆள் ராஜினாமா பண்ணியிருக்கணும்னு சொன்னேன். தாத்தா, நாலு தெரு தள்ளி எதிரி பீரங்கி, அவன் வீட்டை நம்பி எத்தனை பேர்னு உனக்குத் தெரியுமான்னார். எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கல. இன்னைக்கு மகாத்மா காந்தி வீதிப் பக்கம் நாம பார்க்கிற வேதபுரீஸ்வரர் கோயில் பின்னாடி வேற இடத்தில் கட்டினது.

என் தாளில் இருந்த வார்த்தைகளை வெச்சு அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன். 'டிவைஸ்' கவர்னருக்கு, 'அப்ரூவ்' பாரீஸில் இருக்கிற டைரக்டர்களுக்கு, 'இம்ப்ளிமென்ட்' துபாஷுக்கு. கோயில் வாசலில் நின்னு பார்த்தவங்களுக்கு அந்தத் தாளில் ஒரு வினைச்சொல்லும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. ஸ்ட்ராடஜி கிரேக்கத்தில் படைத்தலைவன் என்ற சொல்லில் இருந்து வந்தது. ஆனா பிரெஞ்சில் அது போர்க்கலைச் சொல்லாகப் புழங்க ஆரம்பிச்சதே 1770-களில். ஆங்கிலத்துக்கு வந்தது 1800-க்கு அப்புறம். அதாவது தூப்ளே, ஆனந்தரங்கர், கிளைவ் இவங்க யாருமே வாழ்ந்த வேகத்தில் அந்த வார்த்தையைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பே இல்லை. நான் ஜி.டி-யில் அஞ்சு நிமிஷத்தில் ஏழு தடவை சொல்லியிருக்கேன்.

1749-தான் உச்சம். ஆகஸ்டில் ஆம்பூர் சண்டையில் அன்வருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சு ஆதரவோட சந்தா சாகிப் ஆற்காட்டு நவாப். ஹைதராபாத் நிஜாம் பதவிக்கு முசாபர் ஜங். 1750 டிசம்பரில் எதிராளி நாசிர் ஜங்கும் கொல்லப்பட, முசாபர் ஜங் புதுச்சேரிக்கே வந்து பட்டம் சூட்டிக்கிட்டார். தென்னிந்தியாவின் பாதி இந்தச் சின்ன ஊருக்குத் தலை வணங்கின மாதிரி இருந்துச்சு. ஆனந்தரங்கருக்கு முசாபர் ஜங்கிடம் இருந்து மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டம் கிடைச்சது. புலவர்கள் அவரைத் தேடி வந்தாங்க. சீனிவாச கவி சமஸ்கிருதத்தில் ஆனந்தரங்க விஜய சம்பு எழுதினார், தியாகராச தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவை பாடினார்.

அப்புறம் சரிவு வேகமா வந்துச்சு. முசாபர் ஜங் 1751-ல் ஹைதராபாத் போற வழியிலேயே கொல்லப்பட்டார். அதே வருஷம் கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சு உட்கார்ந்தார். 1752-ல் சந்தா சாகிப் தலை போச்சு. வரி வசூலில் யுத்தம் நடத்தலாம்னு போட்ட கணக்கு, யுத்தம் நடக்கிற நிலத்தில் வரி வசூலாகாதுங்கிற இடத்தில் இடிச்சது. தூப்ளே தன் சொந்தப் பணத்தைப் போட்டார், கடன் வாங்கிப் போட்டார். பாரீஸ் பொறுமை இழந்து 1754-ல் கோதேவை அனுப்பித் தூப்ளேவைத் திருப்பி அழைச்சுக்கிச்சு. எக்ஸிட் ஸ்ட்ராடஜி அவர்கிட்ட இருக்கல. கம்பெனி தனக்குத் தரவேண்டிய பணத்துக்கு வழக்குப் போட்டு அலைஞ்சு, 1763-ல் வறுமையில் இறந்தார். கடற்கரைச் சாலையில் அவர் சிலைகிட்ட செல்ஃபி எடுக்கிறப்போ இது யாருக்கும் ஞாபகம் வராது.

கவர்னர் போயிட்டார், துபாஷ் எங்கே போவார்? அவர் பணம் ஊர் முழுக்க, நாடு முழுக்கக் கடனா நிக்குது. உடம்பும் கெட ஆரம்பிச்சது. 1756-ல் பதவியும் போச்சு. ஆனா எழுதுறதை நிறுத்தல. கேட்க ஆள் இல்லாத துபாஷ், கப்பல் வந்த நேரத்தையும் யார் வீட்டில் என்ன பேச்சுன்னும் எழுதிட்டே இருந்தார். எனக்கு நாட்குறிப்பில் ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அதிகாரத்தில் இருந்தப்போ எழுதினதில் கொஞ்சம் தற்பெருமை இருக்கும். இதில் அது குறைவு.

1758-ல் லாலி படையோடு வந்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோத்தார். அயர் கூட் புதுச்சேரியை நோக்கி வந்தார். அந்தக் காலத்தில் ஊரைச் சுத்தி முள்வேலி எல்லை ஒண்ணு இருந்துச்சு, நடுநடுவே சின்னக் காவல் கோட்டைகளோடு. வில்லியனூர் பக்கம், ஒழுகரைப் பக்கம், அரியாங்குப்பம் பக்கம். 1760 செப்டம்பரில் ஒழுகரைப் பக்கம் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. நான் தினமும் டெம்போவில் தொங்கிட்டுப் போற வில்லியனூர் ரோட்டைச் சுத்தின நிலம்தான் அது. எங்க தெருவுக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு படை கூடாரம் போட்டு, கிழக்கே பார்த்து, ஊர் பசியில் வாடட்டும்னு மாசக்கணக்கா காத்திருந்துச்சு.

உள்ளே தானியம் தீர்ந்தது. லாலி தமிழ் ஜனங்களை ஊரை விட்டு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவங்களை உடனே வெளியே விடல. இரண்டு படைக்கும் நடுவில் அந்த ஜனங்க நாட்கணக்கா மாட்டிக்கிட்டுத் தவிச்சுட்டு, அப்புறம்தான் வழி விட்டாங்க. 1761 புத்தாண்டு அன்னைக்குப் பெரிய புயல் அடிச்சு ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கினது. உள்ளே இருந்தவங்களுக்கு ஒரு சின்ன நம்பிக்கை. மிச்சக் கப்பல்கள் சீக்கிரமே திரும்பி வந்து நின்னுடுச்சு. ஜனவரி 16-ல் நகரம் சரணடைஞ்சது. ஆனந்தரங்கர் அதே ஜனவரியில், 51 வயசில், அந்த முற்றுகைக்கு உள்ளேயே இறந்து போனார். அப்புறம் ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க.

அவர் வீடு இன்னும் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை தாத்தாவும் நானும் மார்க்கெட் பக்கம் போய் வெளியில் நின்னு பார்த்தோம். கீழே நம்ம ஊர் மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணித் தூண். வீடும் துபாஷ்தான்னு தாத்தா ஜோக் அடிச்சார்.

நாட்குறிப்பு ஏறக்குறைய 85 வருஷம் குடும்பத்துக்குள்ளேயே கிடந்துச்சு. 1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சு நகல் எடுக்க வெச்சார். 1904-ல் இருந்து 1928 வரைக்கும் சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதி போட்டது. தமிழ் மூலம் புத்தகமா வர 1948 ஆச்சு. நம்ம ஊர் பிரபஞ்சன் அதை வெச்சுத்தான் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் எழுதினார். வானம் வசப்படும் நாவலுக்கு 1995-ல் சாகித்ய அகாதமி விருது கிடைச்சது.

ஆனந்தரங்கர் செத்த பிறகும் அந்த வீட்டில் பேனா நிக்கல. தம்பி மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை எழுதிட்டுப் போனார், 1761-ல் இருந்து 1768 வரைக்கும். இடிஞ்ச ஊரைப் பத்தி. அதையும் தாத்தா நூலகத்தில் இருந்து எடுத்துட்டு வந்திருக்கார். எனக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. அதனால இப்போதைக்கு தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டே பக்கம், அவர் சத்தமா படிக்கிறார், நான் கேட்கிறேன்.